பிடிஎஃப் கோப்புக்கு இரண்டு பாஸ்வேர்டு

கேள்வி: சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி, யாரும் பிரிண்ட் எடுக்க முடியாதபடி பாஸ்வேர்டு போட்டு வைத்தேன். தம்பி மகன் இரண்டே நிமிடத்தில் பிரிண்ட் எடுத்துக் காட்டிவிட்டான். கணினியில் செருகும் செக்யூரிட்டி கீ என்ற சிறு சாதனத்தை வாங்கினால் இது நடக்காதா?
– ஒரு வாசகி

பதில்: அவன் பூட்டை உடைக்கவில்லை அம்மா. நீங்கள் பூட்டவே இல்லை. பிடிஎஃப்பில் பாஸ்வேர்டு இரண்டு வகை. ஒன்று, கோப்பைத் திறக்கவே கேட்பது. மற்றொன்று, பிரிண்ட், காப்பி போன்றவற்றைத் தடுப்பதற்கு மட்டும். நீங்கள் போட்டது இரண்டாவது. கோப்பு யாருக்கும் திறக்கும். ‘அச்சிட வேண்டாம்’ என்ற குறிப்பு மட்டும் உள்ளே இருக்கும். சில மென்பொருள்கள் அதை மதிக்கும், சில கண்டுகொள்ளாது. திறப்பதற்கான பாஸ்வேர்டைப் போடுங்கள். ஏ.இ.எஸ். 256 பிட் என்று தேர்வு காட்டினால் அதையே எடுங்கள்; பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றிவைக்கும் (மறையாக்கம்) வலுவான முறை அது.

பிறந்த தேதி மட்டும் வேண்டாம். 100 வருடத்துக்கு மொத்தமே சுமார் 36,525 நாள். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வையுங்கள். தமிழ்ச் சொற்களாகவே இருக்கட்டும், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். காரணம் உண்டு: கணினி எழுத்துகளைப் பதியும் முறையான யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான். வேறு விசைப்பலகையில் தட்டினால் சில மென்பொருள்கள் தவறான பாஸ்வேர்டு என்று சொல்லிவிடும்.

அப்புறம், அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். எழுதவே கூடாது என்பார்கள்; நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அம்மா ஒரு நோட்டில் கைப்பட எழுதிய 43 பக்கங்களை ஸ்கேன் செய்து, நல்ல கடினமான பாஸ்வேர்டாகப் போட்டேன். வீடு மாறும்போது அந்த நோட்டு தொலைந்துபோனது. பாஸ்வேர்டு மறந்துபோனது. கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. திறக்க முடியவில்லை. சரியாக மறையாக்கம் செய்த கோப்புக்கு ‘மறந்துவிட்டேன்’ பொத்தான் கிடையாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது அந்தத் தாள் இருக்கும் இடம் தெரிய வேண்டும்.

செக்யூரிட்டி கீ நல்ல பொருள்தான். ஆனால் பொதுவாக அது காப்பது உங்கள் மின்னஞ்சல், கிளவுட் கணக்கின் வாசலை; கோப்பை அல்ல. அதற்குள் இருக்கும் ரகசியச் சாவி வெளியே வராது. எந்தத் தளத்தில் பதிந்தீர்களோ அந்த முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். அதனால் போலித் தளம் ஓடிபியைக் கேட்டு வாங்குவதுபோல இதை வாங்க முடியாது. கோப்பைப் பென் டிரைவில் இறக்கிவிட்டால் கீக்கு அங்கே வேலையில்லை. வாங்கினால் இரண்டாக வாங்கி, இரண்டையும் கணக்கில் பதியுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றொன்று வேண்டுமே.

கேள்வி: பழைய வேர்டு கோப்புகளுக்கு அப்போதே பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். போதுமா?
– ஒரு வாசகர்

பதில்: போதாது. 97-2003 கால ‘டாக்’ கோப்புகளில் வழக்கமாக இருந்தது வெறும் 40 பிட் சாவி; இன்றைய கணினி எளிதில் உடைத்துவிடும் அளவுக்குச் சிறியது. இன்றைய வேர்டில் திறந்து, ‘டாக்எக்ஸ்’ ஆகச் சேமித்து, புது பாஸ்வேர்டு போடுங்கள். புதியது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள். முன்பு யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால், அந்தப் பிரதி பழைய பூட்டோடுதான் அங்கே கிடக்கும். அதையும் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.