மேப்பில் நாலு புள்ளி, போய்ப் பார்த்தால் ஒரு கன்

கேள்வி: அய்யம்பேட்டையில் இருக்கிறோம். மின்சாரக் கார் வாங்க எண்ணம். தஞ்சாவூர், கும்பகோணம் சாலையில் சார்ஜிங் இடங்கள் இருப்பதாக மேப் காட்டுகிறது. நம்பி இறங்கலாமா?

பதில்: புள்ளியை எண்ணாதீர்கள், ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். 3.3 கிலோவாட் என்று இருந்தால் அது வீட்டு 15 ஆம்பியர் பிளக்கின் வேகம்தான். 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 24 யூனிட் தேவை. அந்த 3.3 கிலோவாட்டில் எட்டு மணி நேரமாவது ஆகும். 30 கிலோவாட் டிசி மெஷினில் (வேக சார்ஜர்) ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 80க்கு மேல் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே நின்று நூறுக்குக் காத்திருப்பது வீண். 60 கிலோவாட், இரண்டு கன் (காரில் செருகும் பிளக்) என்றால் பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகியதும் பெரும்பாலும் ஆளுக்கு 30தான். முகூர்த்த நாளிலும், குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடிக் கூட்டம் வரும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிசி மெஷினின் கன் சிசிஎஸ்-2 என்ற வகையாக இருக்க வேண்டும். ஜிபி/டி என்ற வேறு வகைக் கன் உள்ள பழைய 15 கிலோவாட் மெஷின் இப்போதைய கார்களுக்குப் பொருந்தாது. ஷோரூம் வளாகத்தில் இருப்பது ஷட்டர் இறங்கியதும் கைக்கு எட்டாது.

வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரில் போய்ப் பாருங்கள். திரை இருண்டிருந்தால் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை யாராவது விளையாட்டாக அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் வெளியே வந்துவிடும், பிறகு மெஷின் எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். நடுவில் கரன்ட் போய் வந்தால் பல மெஷின்கள் தானாகத் தொடராது. கன்னைக் கழற்றி, மறுபடி செருகி, ஆப்பில் புதிதாகத் தொடங்க வேண்டும். கன் கழலவில்லையா? முதலில் கார் கதவை அன்லாக் செய்யுங்கள்.

ஆனால் காரை வாங்கலாமா என்பதை முடிவு செய்வது உங்கள் வீட்டு பிளக். டிபியிலிருந்து (வீட்டு மின் பெட்டி) தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், லோடு மிஞ்சினால் விழும் 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. அதில் மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடினால் பிளக் உருகும். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றால் முதல் சந்தேகம் எர்த் மேல். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நம் களிமண் ஈரத்தில் நன்றாகவே எர்த் பிடிக்கும். சித்திரையில் வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகிவிடும். கார்த்திகையில் சரியாக ஏறிய கார் கோடையில் முரண்டு பிடிப்பது அதனால்தான். வாரம் இரண்டு குடம் தண்ணீர் எர்த் கம்பி இறக்கிய குழியில் ஊற்றுங்கள். சாக்கெட்டை நான்கடி உயரத்தில் வையுங்கள், ஐப்பசி வெள்ளம் தொடாது.

கேள்வி: என் மின்சார ஸ்கூட்டரை அதே டிசி மெஷினில் போடலாமா? (பாபநாசம் வாசகி)

பதில்: முடியாது, கார் கன் ஸ்கூட்டரில் நுழையாது. ஸ்கூட்டர் நிறுவனங்களின் வேக சார்ஜர்களிலும் ஒன்றின் கன் மற்றதற்குச் சேராதது உண்டு. வண்டியோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரை சீட்டுக்கடியில் வைத்திருங்கள். முழு சார்ஜுக்கு மூன்று நான்கு யூனிட்தான் ஆகும். தெரிந்த கடையில் கேட்டால் கொடுப்பார்கள், காசு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மெயின் ரோட்டில் மாவு மில் வைத்திருக்கிறேன். வாசலில் சார்ஜர் வைக்க லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: சார்ஜிங் நிலையம் நடத்த மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் மில் சர்வீஸிலிருந்தோ பம்ப்செட் சர்வீஸிலிருந்தோ இழுக்கக் கூடாது. ஈபியில் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். 30 கிலோவாட் என்றால் த்ரீ ஃபேஸ். மெஷினுக்கு முன்பணம் கட்டுமுன் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் அந்த லோடுக்கு இடம் இருக்கிறதா என்று செக்ஷன் ஆபீஸில் கேளுங்கள்.