சீசன் முடியட்டும், பிறகு படியுங்கள்

வணக்கம் அக்கா,

நாங்கள் பதினான்கு பேர், எல்லோரும் பால்புதுமைப் (குயர்) பெண்கள், பெண்களை விரும்புகிறவர்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல், கோவை, சென்னை என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு வாசிப்புக் குழு வைத்திருக்கிறோம். போன ஏப்ரலில் "கோடை வாசிப்பு" என்று ஆளுக்கு மூன்று புத்தகம் சொன்னோம். பட்டியல் நாற்பதைத் தாண்டியது. ஜூனில் கேட்டால் இரண்டே பேர்தான் எதையாவது முடித்திருந்தார்கள். இதற்கு நடுவில் ஒருத்தி ஒரு நாவலின் அட்டையைப் படமெடுத்துக் குழுவில் போட, அது இன்னொருத்தியின் போன் கேலரியில் போய் உட்கார்ந்து, கல்யாண போட்டோ தேடிய தம்பியின் கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்கே அவள் குழுவைவிட்டுப் போய்விட்டாள். இந்தக் கோடையிலாவது ஒழுங்காக நடத்த வேண்டும். என்ன படிப்பது, எப்படிப் பகிர்வது? பெயர் போட வேண்டாம்.

– ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள கோத்தகிரித் தோழிக்கு,

கோடை விடுமுறை வாசிப்பு என்பது சமவெளிக்காரர்களின் கணக்கு. அவர்களுக்கு ஏப்ரல், மே ஓய்வுக் காலம். மலையில் அதுதான் சீசன். காட்டேஜ், ஓட்டல், கடை, டாக்சி, எல்லாருக்கும் வருடத்து வருமானத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு மாதத்தில்தான். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் வர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்கிற அளவுக்குக் கூட்டம். வேலைக்குப் போகாதவர்களும் தப்ப முடியாது. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சித்தப்பா குடும்பம், மாமா குடும்பம் என்று வந்து இறங்குவார்கள். உங்கள் அறையில் மூன்று பேர் படுத்திருப்பார்கள். தனியாக ஒரு பக்கம் புரட்ட முடியாத மாதத்தில் ஆளுக்கு மூன்று புத்தகம் என்று வைத்தால் வேறென்ன நடக்கும்? சனி, ஞாயிறுகளில் வண்டி நகராது, நெட்டும் நகராது.

அதனால் முதல் மாற்றம் தேதியில். ஏப்ரல், மே மாதங்களைத் தேர்வு செய்வதற்கும் கோப்புகளை இறக்கி வைப்பதற்கும் ஒதுக்குங்கள். பள்ளி திறந்து விருந்தாளிகள் கிளம்பிய பிறகு, ஜூன் இரண்டாம் வாரத்தில் வாசிப்பைத் தொடங்கி ஜூலை நடுவில் முடியுங்கள். கூடலூர்த் தோழிக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம்தான் கொட்டும். மரம் விழுந்தால் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். அவர் மே கடைசிக்குள் எல்லாவற்றையும் போனில் இறக்கிவிட வேண்டும். பதில் எழுதவும் அவருக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுங்கள். கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால் உங்களுக்கு ஜூன் வசதியானது.

அடுத்தது பட்டியல். அதைக் கிழித்துப் போடுங்கள். நாற்பது தலைப்பு இருந்தால் பதினான்கு பேரும் பதினான்கு திசையில் போவார்கள். ஒருத்தி படித்ததைப் பற்றி இன்னொருத்தி பேச வழியே இருக்காது. ஆறு வாரத்துக்கு இரண்டு படைப்பு, கூடிப்போனால் மூன்று போதும்.

1872இல் வந்த 'கார்மில்லா' என்ற குறுநாவலில் தொடங்கலாம். ஜோசப் ஷெரிடன் லெ ஃபானு எழுதியது. தனிமையான ஒரு மாளிகையில் வாழும் லாரா என்ற பெண்ணும், விருந்தாளியாக வந்து சேரும் இன்னொரு பெண்ணும், அவர்களுக்கிடையே இழுப்பும் பயமும். பதினாறு சிறு அத்தியாயங்கள். வாரம் நான்கு வைத்தால் நான்கு வாரம். பதிப்புரிமை முடிந்த நூல் என்பதால் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிப்புத்தகமாகவும் இருக்கிறது. அடுக்களையில் நிற்பவர் ஒரு காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்கலாம். ஆங்கிலம் பழையது, முதல் இரண்டு அத்தியாயம் தடுக்கும். அதற்கு மட்டும் யாராவது தமிழில் அரைப் பக்கச் சுருக்கம் எழுதிப் போடட்டும். பெண்ணை விரும்பும் பெண் இதில் பேயாகத்தான் வருகிறாள், முடிவும் அவளுக்குச் சாதகமாக இல்லை. இதை முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் மனமுடைந்து யாரும் உட்கார வேண்டாம்.

இரண்டாவதாக எல்லோரும் சொல்லப்போவது இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்'. 1942இல் உருதுவில் வந்த சிறுகதை. ஆபாசம் என்று லாகூரில் வழக்கு நடந்து, ஆபாசமான சொல் என்று ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாமல் விழுந்துபோனது. அந்தப் பெருமையை மட்டும் கேள்விப்பட்டுப் படிக்க எடுப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. கதையைச் சொல்வது ஒரு சிறுமி. கதையின் நாயகி பேகம் ஜான், அவளோடு நெருக்கமாக இருக்கும் பணிப்பெண் ரப்பு. ரப்பு ஊரில் இல்லாத நாட்களில் பேகம் ஜான் அந்தச் சிறுமியைத் தொடும் இடம் ஒன்று உண்டு. சிறுவயதில் அப்படிப்பட்டதை அனுபவித்தவர் உங்கள் பதினான்கு பேரில் இருக்கக்கூடும். ஆகவே எந்தப் பகுதி என்று முன்கூட்டியே சொல்லி, வேண்டாதவர் தாண்டிப் போகலாம் என்று வையுங்கள். கதையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் மூதாதைக் கதை என்று கொண்டாடுவதோடு நிறுத்தாமல் அந்த இடத்தையும் பேசும் குழுவே ஒழுங்காக வாசிக்கும் குழு.

மூன்றாவது என் விருப்பம், சிலர் முகம் சுளிப்பார்கள்: ஒரு தீர்ப்பு. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள், காணவில்லை என்று பெற்றோர் கொடுத்த புகார், போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று அந்தப் பெண்கள் போட்ட மனு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு அது. தனக்கு இந்த விஷயத்தில் தெளிவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். ஒருவரின் பால் விருப்பத்தை மாற்றுவதாகச் சொல்லும் "மாற்றும் சிகிச்சை" கூடாது என்று தடை விதித்ததும் அதே உத்தரவுதான். முழுவதும் வேண்டாம், அவர் தன் மனமாற்றத்தைச் சொல்லும் பகுதியை மட்டும் எடுங்கள். தீர்ப்பைப் பிரதி எடுத்துப் பகிர்வதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுப்பதில்லை என்பது கூடுதல் சௌகரியம்.

கதைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. சுக்தாய் இறந்தது 1991இல். மொழிபெயர்ப்பாளருக்கும் தனி உரிமை இருக்கிறது. எனவே முழுக் கதையை ஸ்கேன் செய்து குழுவில் போடாதீர்கள். ஆளுக்கொன்று வாங்க முடியாவிட்டால் ஒரு பிரதி வாங்கிச் சுற்றில் விடுங்கள். ஸ்கேன் பி.டி.எஃப். படிக்கவும் கஷ்டம்: ஐம்பது எம்பி இருக்கும், மலை நெட்டில் பாதியில் நிற்கும், இறங்கினாலும் போன் திரையில் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். குட்டன்பர்க்கில் இ-பப் கோப்பை எடுங்கள். எழுத்து மட்டும் உள்ள நூல் என்றால் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கும், எழுத்தளவும் திரைக்கேற்ப மாறும். யாராவது பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பு அனுப்பினால் போனில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித்தான் பகிர வேண்டும்.

இனி அந்த கேலரி விவகாரம். வாட்ஸ்அப்பில் வரும் படம் தானாக கேலரிக்குப் போவது அதன் இயல்பான அமைப்பு. யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் "மீடியா விசிபிலிட்டி" என்று இருக்கும், அதில் "நோ" கொடுக்க வேண்டும். ஐபோனில் "சேவ் டு போட்டோஸ்" என்பதை "நெவர்" ஆக்க வேண்டும். இதை ஒருத்தி செய்தால் அவள் போனுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. பதினான்கு பேரும் செய்ய வேண்டும். செய்து முடிக்கும் வரை குழுவில் படமே போடக்கூடாது, எழுத்து மட்டும். திரை பூட்டியிருக்கும்போது செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிபிகேஷனையும் மாற்றுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்போதோ வாட்ஸ்அப் திறந்திருந்தால் "லிங்க்ட் டிவைசஸ்" பார்த்து வெளியேறுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

ஆனால் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். நம்பர் தெரிந்தால் ட்ரூகாலரில் பெயரும் வந்துவிடும். புதிதாக ஆள் சேர்க்கும் எண்ணம் இருந்தால் சிக்னல் என்ற செயலிக்கு மாறிவிடுங்கள். 2024 முதல் அதில் நம்பரை மறைத்து யூசர்நேம் மட்டும் கொடுக்கலாம். "நம்பரை வைத்து யார் கண்டுபிடிக்கலாம்" என்பதற்கு "யாருமில்லை" என்று வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருக்கும் அத்தை மகன் அங்கே உங்களைக் கண்டுபிடித்துவிடுவான். செய்திகள் ஒரு வாரத்தில் மறையும்படி வைக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை மட்டும் எந்தச் செயலியும் முழுதாகத் தடுக்காது. அதற்குப் பேச்சு வழி ஒப்பந்தம்தான். குழுவின் பெயர் சலிப்பூட்ட வேண்டும். "சமையல் குறிப்பு" என்று வைத்தால் பெரியம்மா என்னையும் சேர் என்பார். "வரி ரிட்டர்ன் சந்தேகங்கள்" என்று வையுங்கள், ஒருவரும் எட்டிப்பார்க்கமாட்டார்.

போனவளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பதினான்கு பேரும் ஆறுதல் செய்தி அனுப்பினால் அவள் போன் பதினான்கு தடவை அடிக்கும். தம்பி பக்கத்தில்தான் இருப்பான். அவளுக்கு நெருக்கமான ஒருத்தி மட்டும், "எப்படி இருக்கே, சௌகரியமா இருக்கிறப்ப கூப்பிடு" என்று சாதாரணமாக ஒரு வரி போடட்டும். புத்தகம், குழு என்ற பேச்சே அதில் வேண்டாம்.

கலந்துரையாடலுக்கு வீடியோ அழைப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கூகுள் மீட்டில் உங்கள் கணக்கில் உள்ள பெயரும் படமும்தான் வரும், கூட்டத்துக்குள் மாற்ற முடியாது. ஜூமில் பெயரை மாற்றலாம், இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு துண்டித்துவிடும். எப்படிப் பார்த்தாலும் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலோ இரண்டு அறை வீட்டிலோ இருப்பவர் வாயைத் திறந்து பேச முடியாது. வாரத்துக்கு ஒரு கேள்வி, ஏழு நாள் அவகாசம், எழுத்திலோ குரல்பதிவிலோ பதில். ஒரு நிமிடக் குரல்பதிவு கால் எம்பிகூட வராது. தோட்டத்துக்குப் போகிற வழியில் பதிந்து, டவர் கிடைக்கும் இடத்தில் அனுப்பலாம். கேள்வி குறுகலாக இருக்கட்டும். "கதை எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். "லாராவுக்குப் பயம் முதலில் வந்தது எந்த வரியில்?" என்று கேளுங்கள்.

சுற்றில் விடும் பிரதிக்கு வருவோம். மலையூர்களில் தபால்காரருக்கு எல்லா வீடும் தெரியும், பார்சலை அம்மா வாங்கிப் பிரித்துவிடுவார். வேலை செய்யும் இடத்து முகவரி இருப்பவருக்கு அங்கேயே அனுப்புங்கள். இல்லாதவர் பக்கத்து ஊர்க்காரரிடம் நேரில் வாங்கட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. கேஷ் ஆன் டெலிவரி கூடவே கூடாது, பணம் கொடுப்பவர் பிரித்துப் பார்க்கத்தான் செய்வார். அட்டைக்குப் பழைய காலண்டர் தாள் போட்டுவிடுங்கள். ஜூன் ஈரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது ஆள் கைக்குப் போவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.