மலைமுகட்டில் மின்னல்: வில்லை எறிந்தால் போதுமா?

கேள்வி: செப்டம்பரில் நண்பர்கள் மூவரோடு கொலராடோ மலைக்காட்டுக்கு எல்க் மான் வில்வேட்டைக்குப் போகிறேன். மின்னல் வந்தால் வில்லைத் தூர எறிந்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தால் தப்பிக்கலாமா?

பதில்: வில்லை விடுங்கள், அது பெரிய விஷயமே இல்லை. அதிலுள்ள அலுமினியம் மின்னலை இழுக்காது. சுற்றுவட்டாரத்தில் எது உயரமாக, தனியாக நிற்கிறதோ அதற்குத்தான் ஆபத்து அதிகம். மொட்டை முகட்டில் அது நீங்கள்தான். முதுகுப்பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் வில்லைத் தாழ்த்திப் பிடியுங்கள். ஒதுங்கியதும் சில அடி தள்ளி வையுங்கள். உலோகம் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் சூடுபடும், அதற்காகத்தான். குத்தவைத்து உட்காரும் யோசனையை அமெரிக்க தேசிய வானிலை சேவை எப்போதோ கைவிட்டுவிட்டது. அந்த நேரத்தில் இறங்கி நடக்கலாம்.

'இடி விழுந்தது' என்கிறோமே தவிர, தலையில் நேராக விழுவது குறைவு. பெரும்பாலோரைச் சாய்ப்பது தரைவழி பரவும் மின்னோட்டம். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹர்டாங்கர்விட்டா பீடபூமியில் 323 துருவ மான்கள் ஒரே இடத்தில் மின்னலுக்குச் செத்துக் கிடந்தன. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலுள்ள தூரத்தில் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த வித்தியாசம் நெஞ்சு வழியே பாய்கிறது. கூடாரத்தில் நீட்டிப் படுத்திருப்பவருக்கும் இதே கதைதான். கூடாரத் துணி எந்தப் பாதுகாப்பும் தராது.

கொலராடோவில் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தோடு மரங்கள் முடிந்துவிடும். அதற்கு மேலே ஒளிய இடமில்லை. எல்க் விடியலில் நடமாடும் என்பதால் 11 மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுவதில் வேட்டைக்கு நஷ்டமில்லை. மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே குமிந்தால் இடிக்காகக் காத்திருக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னலின் எல்லைக்குள்தான். மரப்பரணில் வாரால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் முதலில் இறங்க வேண்டும்.

தகரக்கூரை வண்டி அருகே இருந்தால் அதற்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே உயரத்தில் அடர்ந்த சிறுமரக் கூட்டம். தனிமரமும் காட்டின் ஓரமும் கூடாது. பாறைப் பொந்தின் வாயிலும் நிற்காதீர்கள், அங்கே மின்னோட்டம் குறுக்கே தாவும். நால்வரும் ஒரே தார்ப்பாய்க்குள் ஒண்டாமல் ஆளுக்கு 15 மீட்டராவது விலகி, காலோடு கால் சேர்த்து நில்லுங்கள். எல்லோரும் ஒரேயடியாக விழுந்தால் தூக்க யார் இருப்பார்? முடி சிலிர்த்தாலோ அம்பு ரீங்கரித்தாலோ அந்த இடத்தை விட்டு உடனே நகருங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது மழை விட்ட பிறகு. மான் வெளியே வரும் என்று ஓடுவார்கள், அல்லது முகட்டில் வெட்டிவைத்த இறைச்சியை எடுக்கப் போவார்கள். நாலைந்து நடை சுமக்க வேண்டிய எடை அது, ஒரு மணி நேரம் கூடக் கிடந்தால் கெட்டுவிடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியட்டும்.

அடிபட்டவர் உடலில் மின்சாரம் தங்காது, பயப்படாமல் தொடலாம். முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சை 30 முறை அழுத்தி, இருமுறை வாயோடு வாய் ஊதுங்கள். நாடி திரும்பினாலும் மூச்சு தாமதமாகலாம், ஊதுவதை விடாதீர்கள். மற்றொருவர் செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்கட்டும். அடிபட்டவருக்குச் செவிப்பறை கிழிந்திருக்கலாம். கூப்பிட்டுப் பதில் வராததை வைத்து முடிவு கட்டாமல் கிட்டே போய்ப் பாருங்கள்.