விஞ்ஞான உரை நடத்தப் பதிவுப் பத்திரம் எதற்கு?

கேள்வி: ஹட்டன், தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் ஏழு பேரும் உயர்தரம் படிக்கும் நான்கு பேரும் சேர்ந்து ஒரு விஞ்ஞானச் சங்கம் தொடங்கியிருக்கிறோம். மாதம் ஒரு பொது உரை. வானியல், மருத்துவம், மண்சரிவு, தேயிலை என்று எல்லாத் துறைகளிலும் நடத்துவது எண்ணம். இரண்டு உரைகள் நடந்துவிட்டன. இப்போது 'இணைப்பாளர்' என்று ஒருவர் வந்து, அரசசார்பற்ற நிறுவனமாகப் பதியாமல் பொது உரை நடத்துவது சட்டவிரோதம், 85,000 ரூபாய் தந்தால் கொழும்பில் முடித்துத் தருகிறேன், வெளிநாட்டு விஞ்ஞான அமைப்பொன்றின் கிளையாகச் சேர்த்து, வருகிறவர்களுக்குச் சான்றிதழும் வழங்கலாம் என்கிறார். எங்களில் நால்வரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் வாங்கிப் போயிருக்கிறார். பதிவு செய்யத்தான் வேண்டுமா? அதுவரை உரைகளை நிறுத்தி வைப்பதா?
மாணவி ஒருவர், ஹட்டன்

பதில்: உரையை நிறுத்த வேண்டாம். பணமும் கொடுக்க வேண்டாம். பதினொரு பேர் சேர்ந்து, ஒரு மண்டபத்தில் விஷயம் தெரிந்த ஒருவரைப் பேச வைத்து, ஊரார் வந்து கேட்பதற்கு இந்த நாட்டில் எந்தப் பதிவும் தேவையில்லை. அமைதியாக ஒன்றுகூடுவதும் சங்கமாகச் சேர்வதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை குடிமக்களுக்கு அளித்திருக்கும் உரிமைகள். சட்டவிரோதம் என்று சொன்னவரிடம், எந்தச் சட்டம், எத்தனையாம் பிரிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்.

அவர் காட்டிப் பயமுறுத்துவது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமாக இருக்க வேண்டும். தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களைப் பதிந்து மேற்பார்வை செய்வதற்கான சட்டம் அது. வறியவர்கள், நோயாளர்கள், மாற்றுத்திறனாளிகள், அநாதைப் பிள்ளைகள் போன்றோருக்கு நிவாரணமும் சேவையும் வழங்கும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. மாதம் ஒரு தடவை மண்டபம் எடுத்து, பேச்சாளருக்கு பஸ் காசும் மதிய உணவும் கொடுக்கும் நீங்கள் அதற்குள் வரவில்லை. நாளைக்கு நிவாரணம் திரட்டத் தொடங்கினாலோ வெளிநாட்டுப் பணம் வாங்கினாலோ நிலைமை வேறு. அப்போது நேரே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே போவதற்கும் இடைத்தரகர் தேவையில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு மலையகத்தில் ஏன் இவ்வளவு தொழில் நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் நீண்ட காலம் 5 பிரதேச செயலகங்களே இருந்தன. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருப்பவர் ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பிரதேச செயலகம் இருந்த கினிகத்தேனைக்கு பஸ் ஏறினார். போனால் உத்தியோகத்தர் வெளிக்களத்தில். மறுபடி போனால் படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் சொல்லிவிட்டது. இன்னும் எத்தனை வருடத்துக்கு ஒரு படிவத்தைத் தமிழில் அச்சடிக்கக் காத்திருப்பது? அந்த இடைவெளியில்தான் 'நான் முடித்துத் தருகிறேன்' என்பவர் வந்து நிற்கிறார். அவர் விற்பது பதிவை அல்ல, உங்கள் அலைச்சலை. எந்த அலுவலகத்திலாவது எதற்காவது எவ்வளவு கட்டணம் என்று தெரிய வேண்டுமானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் பதிலில் கட்டணம் அச்சில் இருக்கும். 85,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெரியும்.

சான்றிதழ் விஷயத்தில் நான் கடுமையாகவே எழுதப்போகிறேன். இந்த இணைப்பாளரின் உண்மையான வருமானம் பதிவுக் கட்டணம் அல்ல. ஒவ்வோர் உரைக்கும் வருகிற நூறு பிள்ளைகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, தங்க நிற முத்திரை பதித்த காகிதம் கொடுப்பதுதான். 'கெம்பஸ் போக உதவும்' என்பார்கள். உதவாது. பல்கலைக்கழக அனுமதி, உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கும் தரப்படுத்திய புள்ளியான இசட் புள்ளியில் நடக்கிறது: திறமை அடிப்படையில் 40 சதவீதம், மாவட்ட அடிப்படையில் 55 சதவீதம், நுவரெலியா, பதுளை உட்பட கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 சதவீதம். ஓர் உரையைக் கேட்டதற்கான காகிதம் அந்தப் புள்ளியில் ஒரு தசமத்தையும் கூட்டாது. கொழுந்து எடுக்கும் ஒரு தாய் அந்தக் காகிதத்துக்காக ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுப்பாள். பிள்ளைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கடன் வாங்கியும் கொடுப்பாள். அதை உங்கள் சங்கத்தின் பெயரில் நடக்க விடாதீர்கள். உரை இலவசம், சான்றிதழ் கிடையாது என்று அறிவித்தலிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

இதே கூட்டத்தில் இன்னும் இரண்டு வகையினர் உண்டு. ஒருவர் டியூஷன் ஆசிரியர். மண்டப வாடகையை நானே தருகிறேன், மல்டிமீடியாவும் கொண்டு வருகிறேன், எனக்கு ஐந்து நிமிடம் தந்தால் போதும் என்பார். அந்த ஐந்து நிமிடம் நாற்பதாகும். வாசலில் வகுப்பு அட்டவணை விநியோகமாகும். அடுத்த மாதம் மக்கள் உங்கள் உரையை அவருடைய விளம்பரம் என்று நினைத்து வரமாட்டார்கள். மற்றவர் அரசியல்வாதி, அல்லது தொழிற்சங்கப் பிரமுகர். பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி, மங்கல விளக்கு, பொன்னாடை எல்லாம் முடிந்து பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதிதி என்று ஒருவரையும் அழைக்காதீர்கள். யார் வந்தாலும் சபையில் மற்றவர்களோடு உட்காரட்டும்.

இனி, உங்கள் சங்கத்தில் உயர்தர மாணவர்கள் நால்வர் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நன்றாகக் கவனியுங்கள். மேலே சொன்ன சுதந்திரம் எல்லாம் உங்கள் சொந்தப் பெயரில், பாடசாலைக்கு வெளியே நடத்தும்போது. பாடசாலை மண்டபத்தில் நடத்தினால், பாடசாலையின் பெயரைச் சுவரொட்டியில் போட்டால், சீருடையோடு பிள்ளைகளை அழைத்தால், விஷயம் அதிபரின் பொறுப்புக்குள் போய்விடும். அதிபரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வெளியார் வந்து மாணவர்களுக்கு உரையாற்றுவதால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அதிபர் ஊடாக அறிவியுங்கள். 'அதிபர் எங்களுக்குத் தெரிந்தவர், வாயால் சரி சொல்லிவிட்டார்' என்பது போதாது. அதிபர் மாறுவார், பெற்றோர் ஒருவர் முறையிடுவார், வாயால் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். பாடசாலையின் பெயரில் ஒரு ரூபாய் சேர்ந்தாலும் அது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கினூடாகவே போக வேண்டும். ஒரு பொறுப்பாசிரியர் உரை முடியும் வரை மண்டபத்தில் இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படம் பிடித்து வெளியாருக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் இணைப்பாளர் முதல் நாளே கேட்பது அந்தப் படங்களைத்தான், 'தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம்' என்று காட்டி வெளிநாட்டில் காசு கேட்பதற்கு. பாடசாலைக் கட்டடத்தை ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுப்பதாக இருந்தாலும் இதே அனுமதி வேண்டும். நால்வரும் தனிப்பட்ட முறையில் உறுப்பினர்களாக இருக்கலாம், கதிரை அடுக்கலாம், கேள்வி கேட்கலாம், உரையும் ஆற்றலாம். பொருளாளராகவோ கையொப்பமிடுபவராகவோ மட்டும் வேண்டாம்.

பணத்துக்கு இவ்வளவு போதும்: இரண்டு பக்கத்தில் ஒரு யாப்பு, வருகை எழுதிய கூட்டக் குறிப்புப் புத்தகம், 18 வயது கடந்த இருவர் சேர்ந்து கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, வாங்கிய ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு. வங்கி மேலதிகமாகக் கடிதம் கேட்டால் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். ஒலிபெருக்கி கட்டுவதாக இருந்தால் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி எடுங்கள். தொழிலாளரைக் காலையில் வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்திலோ தோட்டத்து மண்டபத்திலோ நடத்துவதாக இருந்தால், தோட்ட முகாமையாளரான துரையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் கேள்வியில் நான் அதிகம் படித்துப் பார்த்த வரி, 'எல்லாத் துறைகளிலும்' என்பது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1 ஏபி தரப் பாடசாலை எத்தனை தோட்டப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது? பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆசிரியர் இல்லாத ஊரில், உங்கள் மாதாந்த உரை பல பிள்ளைகள் ஒரு விஞ்ஞானியை நேரில் காணும் முதல் சந்தர்ப்பமாக இருக்கும். ஆகவே பேச்சாளரைப் பிடிப்பதில் செலவழியுங்கள் உங்கள் சக்தியை.

ஆட்கள் தூரத்தில் இல்லை. தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இல் தொடங்கியது. கண்டி ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம், பேராதனையில் பல்கலைக்கழகம், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். அரச நிறுவன விஞ்ஞானிக்கு நிறுவனத்தின் அனுமதி வேண்டியிருக்கும். எனவே அவருக்கும் நிறுவனத் தலைவருக்கும் ஒன்றரை மாதம் முன்பே கடிதம் போடுங்கள். கடிதத்தில் தலைப்பைக் கேட்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள். 'தாவரவியலில் நவீன போக்குகள்' என்று கேட்டால் வகுப்பறை விரிவுரைதான் வரும். '1869இல் கோப்பி இலையில் கண்ட துரு நோய் முழு நாட்டையும் எப்படித் தேயிலைக்குத் திருப்பியது, 1946இல் கொழுந்தில் கொப்புளமாக வந்த பங்கசு நோயிடம் தேயிலை ஏன் கோப்பியைப் போல் தோற்கவில்லை' என்று கேட்டுப் பாருங்கள். தாவரவியலும் வரலாறும் பொருளாதாரமும் ஒரே உரையில் வந்துவிடும், கேட்க வருபவர்களின் பாட்டன், பூட்டன் கதையும் வந்துவிடும். மருத்துவரிடம், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது ஏன் குறைகிறது என்று கேளுங்கள். இரத்தச்சோகை உள்ள பெண்கள் பலர் அந்த மண்டபத்தில் இருப்பார்கள்.

மண்சரிவு உரையை மழைக்காலத்துக்கு முன்பே வையுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்களுக்கு மாற்று வீடு இருக்கவில்லை. நுவரெலியாவிலும் பதுளையிலும் அலுவலகம் வைத்திருக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒருவரை அழைத்து, மேடையில் மழைமானி ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டி, கவிழ்த்துப் புனலாக வைப்பது. அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறிப்பது. அதற்கு மேல் அடிமட்டத்தை வைத்து மில்லிமீற்றர் கோடுகள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது அந்த நிறுவனம் பயன்படுத்தும் மழை அளவு. இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு லயத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிங்களத்தில் மட்டும் பேசக்கூடியவர் வந்தாலும் தயங்க வேண்டாம். இரு மொழியும் தெரிந்த உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நின்று, பத்திக்குப் பத்தி தமிழில் சொல்லட்டும். பேச்சாளரிடம் கலைச்சொற்களை முதலே வாங்கி, பாடப்புத்தகத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உரை நாற்பத்தைந்து நிமிடம், கேள்விகள் அதைவிட அதிகம். சனிக்கிழமை டியூஷன், ஞாயிறு காலை அறநெறி வகுப்பு. தோட்டத்துப் பெற்றோரும் வரவேண்டுமானால் ஞாயிறு பிற்பகலே சரி. கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டறிந்து, அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்கிடுங்கள்.

கடைசியாக அந்த அடையாள அட்டைப் பிரதிகள். இந்த வாரமே நால்வரும் கையொப்பமிட்டு, 'எந்தப் பதிவுக்கும் உங்களுக்கு அதிகாரம் அளிக்கவில்லை, பிரதிகளைத் திருப்பித் தரவும்' என்று அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால், அந்தப் பிரதியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு பதியுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இனிமேல் யாருக்கு அடையாள அட்டைப் பிரதி கொடுத்தாலும், எதற்காக, யாருக்கு, எந்தத் திகதியில் என்று அந்தப் பிரதியின் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.