பவர் கூட்டினால் இலக்கு கொதிக்கிறதே, என்ன செய்வது?

கேள்வி: அண்ணா, நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸில் இருக்கிறேன். பென் ஏவரி துப்பாக்கி சுடும் ரேஞ்சில் 1000 கஜம் சுடப் பழகி வருகிறேன், .308 ரைபிள், எஃப்-டி.ஆர். பிரிவு (எஃப்-கிளாஸ் என்ற, தொலைநோக்கி வைத்துப் படுத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டியில் ஒரு பிரிவு). கையிருப்பை எல்லாம் போட்டு 15-55 பவர் ஸ்கோப் (15 முதல் 55 மடங்கு வரை பெரிதாக்கும் துப்பாக்கித் தொலைநோக்கி) ஒன்று வாங்கினேன். காலையில் 55-ல் வைத்தால் வளையங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. வெயில் ஏறிவிட்டால் அதே இலக்கு கானலில் அலையலையாக ஆடிக் கொதிக்கிறது. ஒருவர் 25-க்கு இறக்கு என்கிறார், இன்னொருவர் 55-ஐ விடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள் தம்பி, உங்கள் கண்ணைக் கேளுங்கள். காலையில் சுடுவதற்குப் படுக்கும்போது முழுப் பவரில் தொடங்குங்கள். கருப்பு வட்டத்தின் விளிம்பு பிய்ந்து பிய்ந்து ஓட ஆரம்பித்ததும் பவர் வளையத்தை மெதுவாகக் கீழே திருப்பிக்கொண்டே வாருங்கள். விளிம்பு ஓரளவு அடங்கி, குறுக்குக்கோட்டை நடுவில் வைத்தால் அது அங்கேயே இருக்கிறது என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நேரத்துக்கு அதுதான் உங்கள் பவர். ஃபீனிக்ஸ் வெயிலில், கானல் முழு வீச்சில் இருக்கும்போது அது பெரும்பாலும் 20-க்கும் 30-க்கும் இடையில் வந்து நிற்கும். ஒரு மேகம் சூரியனை மறைத்தால் சற்று நேரத்திலேயே காற்று தெளியும், அப்போது 40-க்குக்கூடப் போகலாம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்கோப் கானலை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 25-க்கு இறக்கினாலும் இலக்கின் பிம்பம் அதே அளவு கோணத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கும், உங்கள் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. அப்படியானால் இறக்கி என்ன பயன் என்றால், பெரிய பயன் இருக்கிறது. 55-ல் பார்க்கும்போது பிம்பம் இடப்பக்கம் துள்ளினால் நாமும் துப்பாக்கியை இடப்பக்கம் இழுக்கிறோம், வலப்பக்கம் துள்ளினால் வலப்பக்கம், கடைசியில் ஏதோ ஒரு துள்ளலின் நடுவே விரல் விசையை இழுத்துவிடுகிறது. குறைந்த பவரில் மூளை அந்த ஆட்டத்தின் சராசரியைப் பிடித்துக்கொள்கிறது, துரத்துகிற பழக்கம் நிற்கிறது. பிம்பத்தைத் துரத்தாதே என்பதுதான் இந்த விளையாட்டில் எனக்குத் தெரிந்த முதல் விதி.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். முன் லென்ஸின் அகலத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். உங்கள் ஸ்கோப்பின் லென்ஸ் 52 மில்லிமீட்டர் என்றால், 55-ல் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, 25-ல் இரண்டுக்குச் சற்று மேல். தலை இம்மி அசைந்தாலும் 55-ல் படம் கருகிப்போவது இதனால்தான்.

அப்புறம், முழுப் பவரில் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், இலக்கின் எண் பலகையோ பக்கத்து இலக்கோ கண்ணில் படாது. அவசரத்தில் பக்கத்துக்காரர் இலக்கைச் சுட்டால் உங்களுக்கு அது பூஜ்யம், போட்டியில் இதைவிட வயிறெரியும் விஷயம் வேறில்லை.

ஆனால் உண்மையில் நீங்கள் எங்கே மதிப்பெண் இழக்கிறீர்கள் என்று பாருங்கள். 1000 கஜத்தில் எஃப்-கிளாஸ் இலக்கின் 10-வளையம் 10 அங்குல விட்டம், அதற்குள் நடுவில் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். குறுக்குக் காற்று மணிக்கு ஒரே ஒரு மைல் கூடினால் .308 குண்டு ஏழெட்டு அங்குலம் தள்ளிப் போகும். நடுவில் குறிவைத்திருந்தால் 10-ஐத் தாண்டி 9-ல் விழும். பவரை எங்கே வைத்தாலும் குறிவைப்பதில் வரும் பிழை இதற்கு முன்னால் சின்னது. அந்த ஒரு மைல் மாற்றத்தைக் காட்டிக்கொடுப்பதும் இதே கானல்தான். அதனால் அதைத் திட்டாதீர்கள், அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

வாங்கிய ஸ்கோப்பைப் பற்றி இரண்டு விஷயம். குறுக்குக்கோட்டில் உள்ள சிறு அளவுக்கோடுகளை வைத்துக் காற்றுக்கு ஒதுக்கிப் பிடிப்பவராக இருந்தால், அந்தக் கோடுகள் எந்தப் பவரில் சரியான அளவு காட்டும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டி ஸ்கோப்களில் பெரும்பாலும் அது ஒரே ஒரு பவரில்தான் சரி, அதில் பாதிக்கு இறக்கினால் ஒரு கோட்டின் மதிப்பு இரட்டிப்பாகிவிடும். இன்னொன்று பாரலாக்ஸ் திருகு, அதாவது தலை அசைந்தாலும் கோடு இலக்கின் மேல் நகராதபடி ஃபோகஸை அமைக்கும் திருகு. கானல் கடுமையாக இருக்கும்போது பலரும் படத்தைக் கூர்மையாக்கப் பார்த்து இலக்கை விட்டுவிட்டு, நடுவழியில் ஓடும் கானலுக்கே ஃபோகஸ் வைத்துவிடுகிறார்கள். காலையில் காற்று தெளிவாக இருக்கும்போதே அமையுங்கள். துப்பாக்கியைத் தாங்கியில் விட்டு, தலையை மட்டும் மெல்ல அசைத்துப் பாருங்கள். இலக்கின் மேல் கோடு நகராத இடத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள், பிறகு நாள் முழுக்க அதை நம்புங்கள்.

விலை உயர்ந்த கண்ணாடி கானலை வெட்டிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் பாதிதான் நம்புங்கள். ஈ.டி. என்னும் சிதறல் குறைந்த நல்ல கண்ணாடியில் நிறச்சிதறல் குறையும், விளிம்பு சுத்தமாகத் தெரியும், அது உண்மையிலேயே உதவும். வெளியே காற்றில் நடக்கும் குழப்பத்தை எந்தக் கண்ணாடியாலும் நேராக்க முடியாது.

கேள்வி: கானலைப் பார்த்துக் காற்றைக் கணிக்கலாம் என்கிறார்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தனியாகத் தாங்கியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) பார்த்தால் எனக்கு ஆட்டம் மட்டும்தான் தெரிகிறது, ஓட்டம் தெரியவில்லை. எங்கே தவறு? (ஒட்டாவா வாசகர்)

பதில்: ஃபோகஸ் இலக்கின் மேலேயே இருக்கிறது, அதுதான் காரணம். முதலில் இலக்கைக் கூர்மையாக்குங்கள், பிறகு ஃபோகஸ் திருகைக் கால் சுற்று அளவுக்குப் பின்னால், அதாவது கிட்டத்துப் பக்கமாகத் திருப்புங்கள். இலக்கு சற்று மங்கும், அதற்கு முன்னால் உள்ள காற்று ஆறாக ஓடுவது தெரியும். பாதித் தூரத்தில் ஃபோகஸ் இருப்பது பொதுவாக நல்லது. துப்பாக்கிக்குக் கிட்டத்தில் அடிக்கும் காற்று குண்டின் திசையை ஆரம்பத்திலேயே திருப்பிவிடுவதால், அதன் பாதிப்பு மீதித் தூரம் முழுக்கக் கூடிக்கொண்டே போகும். இலக்கருகே மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பவர் 20, 25 போதும், அகலமான பார்வை உள்ள ஐபீஸ் இருந்தால் நல்லது.

கானல் நேராக மேலே எழுந்தால் குறுக்குக் காற்று இல்லை என்று பொருள். காற்றே இல்லாமல் இருக்கலாம், அல்லது நேர் எதிரிலோ முதுகுப் பக்கமோ இருந்து அடிக்கலாம். மணிக்கு மூன்றிலிருந்து ஏழு மைல் வரை சாய்ந்து ஓடும், வேகம் கூடக் கூடச் சாய்வும் கூடும். பத்து மைலை நெருங்கும்போது தரையோடு தரையாகப் படுத்துவிடும். அதற்கு மேல் 12 மைலா 16 மைலா என்று கானல் சொல்லாது, ரேஞ்சில் நட்டிருக்கும் காற்றுக் கொடியைத்தான் பார்க்க வேண்டும். காற்று உண்மையில் எந்தத் திசையில் வீசுகிறது என்று அறிய ஒரு வழி உண்டு: கானல் நேராக மேலே எழுவதாகத் தெரியும் வரை ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இடமோ வலமோ திருப்புங்கள், ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அந்தக் கோட்டில்தான் காற்று இருக்கிறது.

நேராகக் கொதிக்கும்போது சுடவே வேண்டாம். காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் இடைவேளையாக அது இருக்கலாம், குண்டு போய்ச் சேர்வதற்குள் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேரம் அனுமதித்தால் காத்திருங்கள். ஒரு பக்கமாகச் சீராக ஓடும் நிலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது திரும்ப வரும்போதெல்லாம் சுடுங்கள்.

கேள்வி: மேகமூட்டமான நாள், கானலே இல்லை. ஆனால் பன்னிரண்டாவது குண்டுக்கு மேல் எனக்கு மட்டும் படம் ஆடுகிறது. ஸ்கோப் கெட்டுவிட்டதா?

பதில்: ஸ்கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, துப்பாக்கியின் குழல் சூடாகிவிட்டது. குழலிலிருந்து எழும் வெப்பம் முன் லென்ஸுக்கு நேர் முன்னால் ஏறுகிறது. ஓர் அட்டையைக் குழலுக்கு மேல், பார்வைக்கோட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், ஆட்டம் நின்றால் சந்தேகமே வேண்டாம். குழலின் மேல் நீளவாக்கில் பட்டையான தகடோ பிளாஸ்டிக்கோ வெல்க்ரோவால் ஒட்டினால் போதும். ஜன்னல் பிளைண்டின் பட்டை ஒன்றை வெட்டி ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு, கடையில் வாங்கும் பட்டைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஸ்கோப்பின் முன்னால் வெயில் மறைக்கும் குழாயையும் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் மதுரை. துப்பாக்கி தொட்டதில்லை. தார் ரோட்டில் தண்ணீர்போலத் தெரிவதும் இதுவும் ஒன்றா?

பதில்: காரணம் ஒன்று. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறைகிறது. ரோட்டில் தரையை ஒட்டிய சூடான அடுக்கு வானத்து ஒளியை வளைத்து மேலே அனுப்புவதால் தண்ணீர் தெரிகிறது. ரேஞ்சில் சூடான காற்று சிறு சிறு திரள்களாக எழுந்து, ஒவ்வொன்றும் ஒளியைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது. நட்சத்திரம் மினுக்குவதும் இதனால்தான்.

கேள்வி: கோவையில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடுவது) சுடுகிறேன். துப்பாக்கியில் தொலைநோக்கிக்கு அனுமதி இல்லை. இதெல்லாம் எனக்குப் பயன்படுமா?

பதில்: பவர் பற்றிச் சொன்னது பயன்படாது, காற்றைப் படிப்பது நிச்சயம் பயன்படும். உங்கள் 10-வளையம் 10.4 மில்லிமீட்டர்தான், .22 குண்டு மெதுவாகப் போவது, லேசான காற்றே அதை நடுவிலிருந்து தள்ளிவிடும். இலக்கைப் பார்க்க ஸ்பாட்டிங் ஸ்கோப் வைத்துக்கொள்ளலாம், அதையே காற்றைப் பார்க்கவும் வையுங்கள். 50 மீட்டரில் கானல் மெல்லியதாக இருப்பதால் ஃபோகஸை மிகக் கொஞ்சமாகத்தான் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும், கண் பழகுவதற்குச் சில வாரம் ஆகும்.