வருடம் 8 அடி இறங்கும் போர்வெல் தண்ணீர்: 25 வருடம் தாங்குமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர். 4 ஏக்கரில் தென்னை காய்ப்பில் இருக்கிறது, 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது. போர் 300 அடி. மோட்டார் 260 அடியில் நிற்கிறது. போர் ஓட்டியபோது 140 அடியில் நல்ல ஊத்தும் 215 அடியில் சின்ன ஊத்தும் கிடைத்தன. ஒவ்வொரு மே மாதமும் கயிறு விட்டுத் தண்ணீர் மட்டத்தை அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். 2022-ல் 38 அடி, 2023-ல் 45, 2024-ல் 54, 2025-ல் 61. சராசரியாக வருடத்துக்கு 8 அடி இறங்குகிறது. மோட்டாருக்கு மேலே இன்னும் 199 அடி தண்ணீர் நிற்பதால் 25 வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைக்கிறேன். கடன் வாங்கி மீதி 2 ஏக்கரிலும் தென்னை வைக்கலாமா? பக்கத்துத் தோட்டத்தில் 850 அடி போட்டு நல்ல தண்ணீர். தேவைப்பட்டால் நானும் அவ்வளவு ஆழம் போகலாமா?

பதில்: முதலில் அந்த நோட்டுக்காக உங்களைப் பாராட்ட வேண்டும். நான் பார்க்கப் போகும் தோட்டங்களில் பெரும்பாலும் "போன வருசத்தைவிடக் கொஞ்சம் கீழே போயிருச்சுங்க" என்பதுதான் பதிலாக வரும். நாலு வருடம் ஒரே மாதத்தில் அளந்து எழுதி வைத்திருப்பவர் அபூர்வம். அந்த நோட்டு இருப்பதால்தான் உங்களுக்கு உருப்படியாக ஒரு பதில் சொல்ல முடிகிறது.

உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த 25 வருடத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நீங்கள் அளந்தது 38 அடியிலிருந்து 61 அடி வரை. அதற்குக் கீழே உள்ள 199 அடியும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கீழே இருக்கும் நிலம் வேறு.

போர் ஓட்டிய பில் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கேசிங் பைப் எத்தனை அடி என்று அதில் இருக்கும். மேலே உள்ள மண்ணும் சிதைந்த பாறையும் சரிந்து குழிக்குள் விழாமல் இருக்கத்தான் கேசிங் இறக்குகிறார்கள். கெட்டிப் பாறை தட்டியதும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே கேசிங் நீளம்தான் உங்கள் தோட்டத்தில் சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்குக் கையில் இருக்கும் சாட்சி. ஆய்வுக்குப் போகும் இடத்தில் நான் முதலில் கேட்பது இந்தப் பில்லைத்தான். உங்கள் கடிதத்தில் இது இல்லை. 70 அடி என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிதைந்த பாறை பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதற்குக் கீழே இருக்கும் கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்க இடம் வெடிப்புகள் மட்டுமே. நம் நாட்டு நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பில், களி கலந்த சிதைந்த பாறையிலிருந்து அதன் கன அளவில் 1.5% தண்ணீர் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெடிப்புக் குறைந்த கெட்டிப் பாறைக்கு அது 0.3%. ஒரு ஏக்கரில் மட்டம் ஒரு அடி இறங்கினால் சிதைந்த பாறையிலிருந்து சுமார் 18,500 லிட்டர் கிடைத்திருக்கும். கெட்டிப் பாறையில் அதே ஒரு அடிக்குக் கிடைப்பது 3,700 லிட்டர். நீங்கள் எடுக்கும் தண்ணீர் அதேதான், மழையும் அதேதான் என்றாலும் மட்டம் 5 மடங்கு வேகமாக இறங்கும். வருடம் 8 அடி 40 அடியாகிவிடும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 61-லிருந்து 70 அடிக்கு இறங்க ஒரு வருடத்துக்குச் சற்று மேல். 70-லிருந்து மோட்டார் நிற்கும் 260 அடி வரை உள்ள 190 அடிக்கு, வருடம் 40 வீதம், 5 வருடத்துக்கும் குறைவு. ஆக மொத்தம் 6 வருடம். நெட்டைத் தென்னை பாளை விடவே 6, 7 வருடம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த 6 வருடமும் தாராளமான கணக்குதான். மோட்டார் மட்டத்தை எல்லையாக வைத்துக்கொண்டதால் வந்தது அது. உங்கள் போருக்குத் தண்ணீர் கொடுப்பது 140 அடி ஊத்து. மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால், 260-ல் மோட்டார் இருந்தாலும் 215 அடியில் உள்ள சின்ன ஊத்தை நம்பித்தான் ஓட வேண்டும். 140 அடியை எல்லையாக வைத்தால் கணக்கு 3 வருடத்தில் முடிகிறது. தவிர, நீங்கள் அளப்பது மோட்டார் ஓடாதபோது உள்ள மட்டம். ஓடும்போது அது இன்னும் கீழே போகும். ஒரு நாள் மோட்டார் ஓடும்போது போர் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால், ஓடும் நேரத்தில் மட்டம் மேல் ஊத்துக்குக் கீழே போகிறது என்று பொருள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எதிர்ப் பக்கம் பேசுகிற விவரமும் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. நீங்கள் அளக்கத் தொடங்கிய 2022 மே எப்படிப்பட்டது? 2021 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 59% கூடுதலாகப் பெய்தது. கிணறெல்லாம் நிரம்பி நின்றதற்கு அடுத்த கோடை அது. நிரம்பிய மட்டத்திலிருந்து இறங்குவதில் ஒரு பகுதி, வழக்கமான நிலைக்குத் திரும்புவதாகவும் இருக்கலாம். அப்படியானால் வருடம் 8 அடி என்பது உங்கள் பூமியின் நிரந்தரக் குணம் அல்ல. இன்னொரு 2021 வந்தால் மட்டம் மறுபடி 40 அடிக்கு ஏறிவிடவும் கூடும். அதே சமயம், 2016 மாதிரி ஒரு வருடம் வந்தால்? அந்த வடகிழக்குப் பருவத்தில் 62% பற்றாக்குறை. 2017 கோடையில் மட்டை தொங்கிக் காய்ந்து நின்ற தென்னைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் நாலு வருட நோட்டில் அப்படி ஒரு வருடம் இல்லவே இல்லை. இல்லாத வருடத்தைப் பற்றி அந்த நோட்டிடம் கேட்டால் அது எதுவும் சொல்லாது.

உங்கள் நிலம் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் வருமா என்றும் நீங்கள் எழுதவில்லை. வந்தால், நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீரும் உங்கள் மட்டத்தை ஏற்றி இறக்கும். எந்த வருடம் உங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் வந்தது என்று நோட்டில் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். தண்ணீர் வந்த வருடத்தையும் வராத வருடத்தையும் கலந்து சராசரி எடுத்தால் இரண்டுக்குமே பொருந்தாத ஓர் எண்தான் கிடைக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. புதிதாக 2 ஏக்கர் வைத்தால் அந்த 8 அடி 8 அடியாகவே இருக்காது. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், 2 ஏக்கருக்கு 140. வளர்ந்த மரத்துக்குச் சொட்டுநீரில் கோடையில் நாளுக்கு 80 லிட்டர் என்றாலே தினமும் 11,200 லிட்டர் கூடுதலாக இறைக்க வேண்டும். 4 ஏக்கருக்கு இறைத்தபோது வந்த எண்ணை 6 ஏக்கருக்கு வைத்துப் பார்க்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரரும் இதே கணக்கைப் போட்டு இதையே செய்கிறார் என்றால் இன்னும் வேகமாக இறங்கும். பூமிக்கடியில் வேலி கிடையாதே.

850 அடி பற்றி. பாறையில் தண்ணீர் ஏரி மாதிரி பரவி நிற்பதில்லை, வெடிப்பின் வழியே ஓடுகிறது. அவர் போர் தொட்ட வெடிப்பு உங்கள் தோட்டம் பக்கம் திரும்பியிருக்கலாம், எதிர்ப்பக்கமும் போயிருக்கலாம். 100 அடி தள்ளி ஓட்டிய போரில் தண்ணீர் வராமல் வெறும் பாறைப் புகை மட்டும் வந்து நின்றதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆழம் போகப் போக வெடிப்புகளும் பொதுவாகக் குறையும். அப்படியே கிடைத்தாலும் அது தனி அணைக்கட்டுத் தண்ணீர் அல்ல. மேலே பெய்த மழைதான் மெதுவாக இறங்கி அங்கே போயிருக்கும். அதை நம்பி மரம் வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஏற்கெனவே காய்க்கிற மரத்தைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தால், மின்தடை ஆய்வு (பூமிக்குள் மின்சாரம் செலுத்தி வெடிப்பு இருக்கும் இடத்தைத் தேடுவது) செய்து பார்த்த பிறகு யோசிக்கலாம்.

என்ன செய்யலாம் என்றால், இந்த வருடம் தென்னை வேண்டாம். மூலனூர் பக்கம் போடுகிறார்களே, அந்த முருங்கையை 2 ஏக்கரிலும் போடுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 விதை முருங்கை 6 மாதத்தில் காய்க்கும். தண்ணீர் குறைவாகவே கேட்கும். மட்டம் மோசமானால் அழித்துவிட்டு நிலத்தைச் சும்மா போடலாம். தென்னை 60 வருடம் நிற்கும் மரம்; நட்ட பிறகு மனதை மாற்றிக்கொள்ள முடியாது. நிச்சயமில்லாத விஷயத்தில் திரும்பி வர வழியுள்ள முடிவை முதலில் எடுப்பதுதான் உங்களுக்கு நல்லது.

இடைப்பட்ட 2 வருடத்தில் நோட்டைப் பெரிதாக்குங்கள். வருடம் ஒருமுறை போதாது, மாதம் ஒருமுறை அளங்கள். விடியற்காலை, மோட்டார் குறைந்தது 8 மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு. அடுத்த முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போது, தண்ணீரை மேலே கொண்டுவரும் காலம் பைப்போடு சேர்த்து முக்கால் இன்ச் பி.வி.சி. குழாய் ஒன்றையும் கட்டி இறக்கிவிடுங்கள். அதற்குள் கயிறு விட்டால் கேபிளில் சிக்காது. அளக்கிற நாளில் இன்னொரு வேலையும் செய்யுங்கள்: 2 மணி நேரம் மோட்டாரை ஓட்டி நிறுத்திவிட்டு, மட்டம் பழைய இடத்துக்கு ஏறி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். போன வருடம் 40 நிமிடத்தில் ஏறியது இந்த வருடம் ஒன்றரை மணி நேரம் எடுத்தால், மட்டம் பெரிதாக இறங்காவிட்டாலும் ஊத்து தளர்கிறது. மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிவதற்குள் காலம் கடந்துவிடும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு 4 முறை கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் அளக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கிணறு இருந்தால் அதன் பழைய எண்களைக் கேட்டு வாங்குங்கள். 2016, 2017-ல் அது எவ்வளவு இறங்கியது, 2021 மழைக்குப் பிறகு எவ்வளவு ஏறியது என்று உங்கள் நோட்டில் இல்லாத வருடங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒரே கோடு போடாமல் மூன்று போடுங்கள்: நல்ல மழை, சராசரி மழை, 2016 மாதிரி மழை. மூன்றாவது கோட்டிலும் 7-வது வருடம் மட்டம் 140 அடிக்கு மேலே நின்றால் தென்னை வையுங்கள், நானே வந்து குழி எடுக்க இடம் பார்த்துத் தருகிறேன்.

ஒரு எல்லையை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரும் மே மாத அளவு உங்கள் கேசிங் நீளத்தைத் தாண்டிவிட்டால், புதுத் தோட்டம் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு இருக்கிற 4 ஏக்கருக்கு மட்டும் தண்ணீரைக் காப்பாற்றுங்கள்: மூடாக்கு, சொட்டுநீர், மழைநீர் போய்ச் சேர போரைச் சுற்றி ஜல்லி போட்ட குழி. தாண்டாமல் நின்றால் முருங்கையோடு இன்னொரு வருடம் பார்க்கலாம். பருவமழை முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் ஒரு அளவு எடுத்து, கேசிங் நீளத்தையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணும் கிடைத்தால் மேலே போட்ட கணக்கை உங்கள் போருக்கே உரிய கணக்காக மாற்றித் தருகிறேன்.