சின்னப் பந்தயப் போக்கரில் கண்மூடி அடிப்பவர்கள்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்லைனில் ஆறு பேர் ஆடும் டெக்ஸஸ் ஹோல்டெம் மேசையைப் பற்றியவை. ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழுகிற போக்கர் அது. பிளைண்ட், அதாவது சீட்டுக்கு முன்பே இருவர் கட்டாயம் போடும் காசு, ஒரு சதம், இரண்டு சதம். ஆளுக்கு 2 அமெரிக்க டொலர். பதில்களும் அந்த மேசைக்குத்தான்.

ஆரையம்பதி: ஒருவர் ஒவ்வொரு கைக்கும் ஓல்-இன் போகிறார். என்ன செய்வது, அண்ணன்?

சந்தோஷப்படுங்கள், தம்பி. எந்தச் சீட்டுக்கும் முழுக்காசையும் தள்ளுகிறார் என்றால் அவர் கையில் இருப்பது ஏதோ இரண்டு சீட்டு, அவ்வளவுதான். அதற்கு எதிரே ஏஸ் சோடி நூற்றுக்கு 85 தடவை வெல்லும். கிங் சோடி 82, பத்துச் சோடி 75, ஏழுச் சோடிகூட 66. ஏஸ்-கிங் வெவ்வேறு இனமாக இருந்தாலும் 65. ஆகவே ஏழுச் சோடியும் அதற்கு மேற்பட்ட சோடிகளும், ஏஸோடு கிங், குயின் அல்லது ஜாக்கும் வந்தால் கோல் பண்ணலாம், அதாவது அவர் வைத்த அளவு காசைக் கட்டலாம். ஏறத்தாழ 14 கைக்கு ஒரு தடவைதான் இவை வரும். மிச்சம் 13 கையையும் முணுமுணுக்காமல் எறிய வேண்டும். நம் ஆட்கள் தோற்பது அந்த இடத்தில்தான். ஏழாவது கையிலேயே ரோசம் வந்து குயின்-ஆறோடு இறங்கிவிடுவார்கள்.

உங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் இன்னும் பேச (கட்டுவதா எறிவதா என்று சொல்ல) இருந்தால் பத்துச் சோடி முதல் மேலே, அப்புறம் ஏஸ்-கிங், இவற்றோடு நிறுத்துங்கள். அவர்களும் இதே ஆளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். முக்கியமாக, இவரைப் பிளஃப் பண்ணாதீர்கள், அதாவது நல்ல கை இல்லாமல் பெரிதாக அடித்து விரட்டப் பார்க்காதீர்கள்.

செங்கலடி: ஏஸ் சோடி வந்தும் நாலு பேரிடம் தோற்றேன். தளம் மோசடிதானே?

ஒருவரோடு 85 என்றேன். நாலு பேரோடு அது 56 ஆகிவிடும், ஐந்து பேரென்றால் 50-க்கும் கீழே. அப்படியும் நட்டமில்லை. பொட்டில், அதாவது நடுவில் சேரும் காசில், ஐந்தில் ஒரு பங்கு போட்டுப் பாதிக்கு மேற்பட்ட தடவை வெல்கிறீர்கள். ஆனால் இரண்டு சதத்துக்கு எல்லோரையும் உள்ளே விட்டது யார்? பந்தயத்தை 8 அல்லது 10 சதத்துக்கு ஏற்றுங்கள் (ரெய்ஸ்). வருகிறவன் காசு கட்டி வரட்டும்.

கல்லடி: பெரிய பிளஃப் அடித்து அவர்களைப் பயமுறுத்தலாமா?

வேண்டாம். பயப்படத் தெரிந்தவர் இப்படி ஆடமாட்டார்.

அக்கரைப்பற்று: ஃபிளொப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டில்) என் கையோடு சேர்த்து ஒரே இனம் நாலு சேர்ந்துவிட்டது. எவ்வளவு வரைக்கும் கோல்?

பொட்டில் 30 சதம் இருக்க, அவர் 30 அடிக்கிறார் என்று வையுங்கள். உங்கள் 30-ஐயும் சேர்த்து 90-ஐ வெல்ல 30 கட்ட வேண்டும். மூன்றில் ஒரு தடவையாவது வெல்ல வேண்டும். ஐந்தாவதாக உங்களுக்குத் தேவையான அதே இனச் சீட்டு 9, நீங்கள் காணாதவை 47. அடுத்த சீட்டில் மட்டும் வர 19 வீதம்தான். அந்த 30 சதத்தோடு அவர் ஓல்-இன் என்றால் மேலும் கட்டாமலே இரண்டு சீட்டும் பார்க்கலாம். அப்போது 35 வீதம், கோல் சரி. அவரிடம் இன்னும் காசிருந்து அடுத்த சீட்டுக்கும் அடிப்பார் போலிருந்தால் பெரும்பாலும் எறியுங்கள்.

ஏறாவூர்: எந்தத் தளம், எந்த வங்கி அட்டை?

வங்கியிடமும் சட்டம் தெரிந்தவரிடமும் கேளுங்கள். நான் சீட்டுக்கு மட்டும்.

களுவாஞ்சிக்குடி: தோற்றதை எடுக்கப் பெரிய மேசைக்குப் போகலாமா?

கூடாது. 2 டொலர் மேசைக்கே குறைந்தது 40 டொலர் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், அதுவும் போனால் போகட்டும் என்ற காசாக. நகை அடகு, மாதச் சீட்டுக்குக் கட்டும் காசு, கைமாற்று எதுவும் இதற்குள் வரக்கூடாது.

கல்முனை: மனே, நாங்கள் முப்பது வருசமாக 304 சீட்டாட்டம் அடிக்கிற ஆட்கள். எங்களுக்கு இந்தப் பாடம் எதற்கு?

ஐயா, 304-இல் 32 சீட்டும் நாலு பேர் கைக்கு வந்துவிடும். நாலைந்து பிடி போனால் யாரிடம் என்ன மிச்சம் என்று உங்களுக்கு மனப்பாடம். போக்கரில் கடைசிச் சீட்டு விழுந்த பிறகும் நீங்கள் கண்டது ஏழுதான், 45 மறைவு. எதிரே கூட்டாளியும் இல்லை. இன்னொரு தொல்லை: உங்களுக்கு ஜாக் 30 புள்ளி, ஒன்பது 20. ஜாக்-ஒன்பது கைக்கு வந்தால் 304 பழகிய கை எறிய மறுக்கும். இங்கே அது ஏஸ், கிங், குயினுக்குக் கீழே கிடக்கிற கை.

மறுபடி கல்முனை: 304-இல் துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடுகிறோமே, அது மறைவில்லையா?

மறைவுதான். ஆனால் துரும்பைக் கவிழ்த்து வைத்தவரின் கண்ணைப் பார்த்தே பாதி கண்டுபிடிப்பீர்கள். ஒன்லைனில் கண் இல்லை. எந்தக் கையோடு எவ்வளவு அடித்தார் என்று கடைசியில் காட்டுகிற சீட்டைக் குறித்து வைத்தால்தான் உண்டு. ஞாபகசக்தி உங்களிடம் இருக்கிறது, அதை இங்கே போடுங்கள்.

வாழைச்சேனை: எப்போது பிளஃப் பண்ணுவது?

கல்லடிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திருக்கோவில்: ஒரே இன ஜாக்-ஒன்பதையும் எறியச் சொல்கிறீர்களா? ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) விழுமே.

கடைசியாகப் பேசுகிற இடத்தில், முன்னால் மூன்று பேர் இரண்டு சதம் கட்டி வந்திருந்தால் பாருங்கள். விழுந்தால் நிறையக் கொடுப்பார்கள். ஓல்-இன் ஆசாமி இன்னும் பேசாமல் இருந்தால் மலிவாகப் பார்க்க விடமாட்டார், எறியுங்கள். 304 வழக்கு இத்தோடு முடிந்தது, இனி வந்தால் எடுக்கமாட்டேன்.